பொடியன் படுத்துக்கொண்டு நடந்தான்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் டிவி முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது: இந்தக் கோப்பைத் திறக்க முடியாது. வெளியூரில் இருக்கும் கொழுந்தியாள் தன் மகனை, எங்கள் பொடியனை, வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானாம். மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, அதைப் போனில் பார்ப்பது அறவே பிடிக்காது. "தீப்பெட்டி சைஸ்ல பேரனப் பாக்கணுமா, மாப்பிள்ளை?"

புது டிவி வாங்கலாம் என்று வாயைத் திறந்தேன். "இதுக்கு என்ன குறைச்சல்?" என்றார், முடிந்தது. ஆக, வீடியோவைத்தான் இந்தப் பழைய டிவிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். ஆபீஸில் ஆளாளுக்குப் பிரிண்டர் சரிசெய்து கொடுப்பவன் நான். இது ஒரு பெரிய விஷயமா?

ஜூன் 4, புதன்

பெரிய விஷயம்தான். மாற்றிப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். சத்தம் வந்தது, படம் வரவில்லை. கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்து பேரன் சிரிப்பதை முழுக்கக் கேட்டார். "ரேடியோ நல்லாருக்கு, மாப்பிள்ளை."

ஜூன் 6, வெள்ளி

வீடியோவைப் பற்றியே எழுதிக்கொண்டு, நெஞ்சில் கிடப்பதை எழுதாமல் விடுகிறேன்.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததிலிருந்து மாமாவின் தலை வலது தோள் பக்கம் சாய்ந்தே நிற்கிறது. கழுத்துப் பட்டையைக் கழற்றிய பிறகும் நிமிரவில்லை, தசை இறுகிப் போயிருக்கிறது. அடுத்த மாதப் பரிசோதனைக்குள் இளகாவிட்டால் கத்தி வைப்பதைத் தவிர வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவள், என் மனைவி, அதைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. "அப்பா உடம்பு ஆபரேஷனத் தாங்காதுங்க" என்று அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னாள்.

பிசியோ அம்மா வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வருகிறார். இடது காது இடது தோளைத் தொடப் போவதுபோல் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. மாமா அசைந்தால்தானே? "இதென்ன டான்ஸா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்.

கட்டட மேஸ்திரியாக இருந்தவர். சுவர் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் இடிக்கச் சொல்வார் என்பார்கள். அந்த மனுஷன் இப்போது கேட்டைத் தாண்டுவதே இல்லை. தெருவில் யார் என்ன நினைப்பார்களோ என்றுதான். கேட்டால் வெயில் என்கிறார்.

ஜூன் 8, ஞாயிறு

படம் வந்துவிட்டது! படமும் சத்தமும், இரண்டும்! மாமாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்கார வைத்தேன்.

பொடியன் படுத்துக்கொண்டு நடந்தான்.

தலை திரையின் இடது ஓரத்தில், கால் வலது ஓரத்தில். சுவர் தரையாகிவிட்டது, தரை சுவராகிவிட்டது. "ஒரு படத்த நேரா நிறுத்தத் தெரியல. ஆபீஸ்ல இவர நம்பி எதக் குடுக்கிறாங்களோ" என்றார் மாமா, என்னிடம் இல்லை, டிவியிடம். "படுத்துட்டுப் பாருங்கப்பா" என்றாள் இவள். படுத்துக்கொண்டு டிவி பார்க்கும் சோம்பேறி அவர் இல்லையாம். மானம் போயிற்று.

ஜூன் 9, திங்கள்

காரணம் கிடைத்துவிட்டது. நாம் போனை நிமிர்த்திப் பிடித்தாலும் அது படத்தைப் படுக்கையாகத்தான் சேமிக்கிறதாம். 'காட்டும்போது நிமிர்த்து' என்று ஒரு குறிப்பு மட்டும் கூடவே போகும். நான் மாற்றும்போது அந்தக் குறிப்பு தொலைந்துவிடுகிறது. மென்பொருளில் ஒரே ஒரு கட்டத்தைத் தட்டினால் தீர்ந்தது. தட்டினேன். பொடியன் ஜம்மென்று நிமிர்ந்து நின்றான். பென்டிரைவும் கையுமாகக் கூடத்துக்கு ஓடினேன்.

ஓடியவன் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

மாமா தனியாக உட்கார்ந்து நேற்றைய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொடியன் சிரித்தான். மாமாவின் தலை வலது தோளைவிட்டுக் கிளம்பி, நடுவுக்கு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இடது பக்கம் ஒரு துளி போயிற்று. போனதா? போனது. என் கண்ணால் பார்த்தேன். வலித்திருக்கும், கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். மறுபடி சாய்த்தார்.

பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

பிசியோ அம்மாவைக் கேட்டருகே மடக்கி விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், "ஒரேயடியா படுக்க வெச்சா கழுத்து தாங்காது சார். கொஞ்சமா சாய்க்க முடியுமா?" என்று கேட்டார்.

முடியுமாவா! எந்தக் கோணம் கேட்டாலும் சாய்க்கலாம். முதல் வாரத்துக்குப் பத்து டிகிரி என்று மருந்துச் சீட்டு எழுதாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடியோ மாற்றுகிறவன் மருந்து கலக்குகிறவன் ஆகிவிட்டேன்.

ஜூன் 14, சனி

சண்டை. இவள் என் லேப்டாப்பில் நேராக இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டாள். "நேரா வெச்சிருந்துக்கிட்டே சாய்ச்சுக் குடுக்கிறீங்களா? எங்கப்பாவ முட்டாளாக்குறீங்களா?"

நான் என்ன எனக்காகவா பண்றேன்? தினம் திட்டு வாங்குறது நான்தானே? இன்னைக்குக்கூட, சாய்ச்சதால படத்தின் மூலையில் கறுப்பா முக்கோணம் தெரியுதுன்னு அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கிட்டேன். வாயே திறக்கல. ஒரு வார்த்தை கேட்டுட்டுத் திட்டக் கூடாதா?

எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். நம்பவில்லை. கதவருகே கூட்டிப்போய் நிறுத்தினேன். உள்ளே அவள் அப்பா தலையை இடது பக்கம் சாய்த்து, "விழுந்துடாதடா, விழுந்துடாதடா" என்று பொடியனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது எத்தனை டிகிரி?" என்று கேட்டாள்.

இரவு இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

ஜூன் 21, சனி

இன்று உயிர் போய் உயிர் வந்தது. சாய்வைக் கூட்டியிருந்தேன். மாமா எழுந்து பெட்டிக்கடியில் துழாவித் சுவரின் மட்டம் பார்க்கும் தன் பழைய ரசமட்டத்தை எடுத்துவந்தார். டிவி தலையில் வைத்தார். அதற்குள் இருக்கும் குமிழி ஓடி வந்து நட்ட நடுவில் நின்றது. டிவி நேராகத்தான் நிற்கிறது, படத்தைத்தான் யாரோ சாய்த்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரிந்துபோகும்.

ரசமட்டத்தைத் துடைத்து உறையில் போட்டார். உட்கார்ந்தார். "போடுங்க" என்றார்.

அவ்வளவுதான். திட்டுகூட இல்லை. என்ன நினைத்தாரோ?

ஜூன் 25, புதன்

ரசமட்டம் டிவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எடுத்து வைக்க எனக்குத் தைரியமில்லை.

ஜூலை 5, சனி

கொழுந்தியாள் புது வீடியோ அனுப்பியிருக்கிறாள். பொடியன் சுவரை விட்டுவிட்டு நடக்கிறான், கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு. நன்றாகச் சாய்த்துக் கொடுத்தேன். சாய்க்கும்போது மாமாவின் இடது காதுக்கும் இடது தோளுக்கும் இடையில் இப்போது என் உள்ளங்கைதான் நுழையும்.

ஜூலை 11, வெள்ளி

கத்தி வேண்டாம்! கத்தி வேண்டாம்! கத்தி வேண்டாம்!

டாக்டர் இப்படித் திருப்பினார், அப்படிச் சாய்த்தார், மறுபடி சாய்த்தார். "ஆபரேஷனுக்கு அவசியமே இல்லை. என்ன பயிற்சி செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"டிவி பாத்தேன்" என்றார் மாமா.

டாக்டர் சிரித்தார், வேடிக்கைப் பேச்சு என்று நினைத்திருப்பார். இவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வெளியே வந்து, தாழ்வாரத்தில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு குத்தாட்டம் போட்டேன். ஒரு நர்ஸ் பார்த்துவிட்டார். பார்க்கட்டும்.

வரும் வழியில் மாமா தெருமுனையிலேயே ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். அங்கிருந்து வீடுவரை நடந்தார். தலை நிமிர்ந்து நடந்தார். எதிர்வீட்டுக்காரரை நிறுத்தி அவர் மதில் எந்த இடத்தில் சாய்ந்திருக்கிறது என்று சொன்னார். அவர் யோசனை கேட்கவே இல்லை.

ஜூலை 12, சனி

இன்று பொடியனை நேராகப் போட்டேன். என் வெற்றி விழா என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு முக்கோணம் இல்லை, ஒரு சாய்வு இல்லை. திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போனான். மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். இவள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு என் தோளைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். இந்தா வருகிறது பாராட்டு என்று நானும் காத்திருந்தேன்.

"நேராத்தான் இருக்கு" என்றார்.

பிறகு இடது பக்கக் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"இப்ப இந்தப் பக்கம் லேசா பிடிக்குது. அடுத்தத எதிர்ப்பக்கமா சாய்ச்சு மாத்துங்க, மாப்பிள்ளை. பத்து டிகிரி போதும்."

மாற்றிக்கொண்டிருக்கிறேன். பாதி முடிந்துவிட்டது.