தூக்காத கை

பிப்ரவரி 3

யஸ்வந்தை அங்கன்வாடியில் விட்டுவிட்டு இன்றைக்கும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நிற்கிற தண்ணி டேங்க்கின் கால் ஒன்றில் சிமெண்டு கழன்று கம்பி வெளியே தெரிகிறது. போன மாதம் ஒரு சாண்தான் தெரிந்தது. இப்போது என் முழங்கை நீளம். டேங்க்கை ஒட்டி அங்கன்வாடியைக் கட்டியவன் எவனோ, நன்றாயிருக்கட்டும்.

டீச்சர் கிருஷ்ணம்மா பிள்ளைகளையெல்லாம் எதிர்ச்சுவர் ஓரமாகவே உட்கார வைக்கிறார். ஏன் என்று கேட்டேன். "இந்தப் பக்கம் உழுந்தா அந்தப் பக்கம் இருக்கறதுங்க தப்பிக்கும்லம்மா" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

யஸ்வந்த் என் கொழுந்தன் குணாவின் பையன். நாலு வயது. அவன் அப்பா அம்மா இரண்டு பேரும் ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்ஸில் விடிவதற்கு முன்னால் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறார்கள். பிள்ளையை என்னை நம்பி விட்டுவிட்டுப் போகிறார்கள். நான் யாரை நம்பி விடுகிறேன்? அந்தக் கம்பியையா?

பிப்ரவரி 6

நகராட்சி பட்ஜெட் மீட்டிங்குக்கான அஜெண்டா வந்தது. ஆந்திரா இல்லையா, முழுக்கத் தெலுங்கு. சந்தையில் தெலுங்கு பேசிச் சண்டையே போடுவேன், ஆபீஸ் தெலுங்கை வாசிக்க மட்டும் எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கிறது. பத்தாவது வரை தமிழ் மீடியம் படித்தவளைக் கவுன்சிலர் ஆக்கினால் இப்படித்தான். வாசல் போர்டில் 'பதினெட்டாவது வார்டு கவுன்சிலர் கன்னிகா' என்று என் பெயர். கீழே இருக்கிற செல் நம்பர் வீட்டுக்காரருடையது.

எங்கள் டேங்க்கை இடித்துப் புதிதாகக் கட்டுவதாகக் கமிஷனர் போட்டிருக்கிறார். இரண்டு தடவை படித்தேன். நிஜமாகவே இருக்கிறது. சந்தோஷமாக இவரிடம் சொன்னேன்.

இவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். "அதுல இருக்கும். மீட்டிங்ல சேர்மன் அத்த மாத்தப்போறாரு. மெயின் ரோட்ல அவுங்க நைனா பேர்ல ஆர்ச் கட்டணுமாம். டேங்க் அடுத்த வருசம்."

"அதுவரிக்கும் நிக்குமா?"

"இம்மாங்காலம் நின்னுக்கினுதானே கீது?"

இவருடைய டிராக்டர்கள் நகராட்சிக் குப்பை வண்டிகளாக ஓடுகின்றன. ஓடுவது சேர்மன் தயவில். எங்கள் மகள் பிரித்திகா திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பது அந்த டிராக்டர்களால். எனக்கும் தெரியும்.

பிப்ரவரி 11

ஊரில் உள்ள கவுன்சிலர் புருஷன்மார் எல்லோருக்கும் இன்றைக்குக் காய்ச்சல். புதுக் கமிஷனர் ஆர்டர் போட்டுவிட்டார். இனிமேல் மீட்டிங் ஹாலுக்குள் கவுன்சிலர்கள் மட்டும்தான் வரலாம்.

இதுவரை எப்படி என்றால், பெண்கள் முன்னால் உட்காருவோம், வீட்டுக்காரர்கள் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில். ஒருத்தர் கடகடவென்று படிப்பார். பின்னாலிருந்து இவர்கள் தொண்டையைச் செருமுவார்கள். நாங்கள் மேஜையைத் தட்டி "ஆமோதம்" என்போம். தெலுங்கில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் பிரியாணிப் பொட்டலம். நாலு பட்ஜெட் இப்படித்தான் பாஸ் ஆயிற்று. எதைப் பாஸ் பண்ணினேன் என்று ஒருத்தர் நிறுத்திக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இந்த முறை மேஜை தட்டக்கூடாதாம். ஒவ்வொன்றுக்கும் கை தூக்க வேண்டுமாம். எண்ணுவார்களாம்.

பிப்ரவரி 14

இவர் எனக்குப் பாடம் நடத்தினார். "சேர்மன் ஆர்ச்னு சொன்னதும் கைய தூக்கிடு. வேகமா படிப்பாரு. புரியலன்னா பயப்படாத, ஆறாவது வார்டு சுலோச்சனாவப் பாத்துக்கினே இரு. அந்தம்மா தூக்குனா நீயும் தூக்கு. அவ்ளோதான்."

சரி என்றேன். தூக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. நான் தைரியசாலி இல்லை. பல்லிக்குப் பயப்படுகிறவள்.

பிப்ரவரி 17

நாளைக்கு மீட்டிங். சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 18

எப்படி எழுதுவேன் என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சேர்மன் ஆர்ச் விஷயத்தைப் படித்தார். டேங்க்குக்குப் போட்ட பணத்தை எடுத்து ஆர்ச்சுக்கு. நன்றாகவே புரிந்தது. "ஒப்புக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள்" என்றார். ஆண்கள் தூக்கினார்கள். நான் சுலோச்சனாவைப் பார்த்தேன். அவள் தூக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் ஏன் தூக்க மாட்டேன் என்கிறாள் என்று எனக்குப் படபடப்பு. பன்னிரண்டாவது வார்டு வள்ளியைப் பார்த்தேன். அவளும் எங்கள் பக்கம்தான் பார்க்கிறாள். பெண்கள் எல்லோரும் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஒருத்தியை ஒருத்தி பார்க்கிறோம். கைகள் மடியிலேயே கிடக்கின்றன.

கமிஷனர் எண்ணினார். போதவில்லை என்றார். பட்ஜெட்டில் டேங்க் போட்டபடியே இருக்கிறது என்று எழுதிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். சேர்மன் முகம் கறுத்ததைப் பார்த்ததும் எனக்கு மூத்திரம் முட்டியது.

வெளியே வந்ததும் சுலோச்சனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, நீ ஏன்கா தூக்கல? எங்க வூட்டுக்காரு உன்னப் பாத்துத் தூக்கச் சொன்னாரு."

"எங்க வூட்டுக்காரு உன்னப் பாக்கச் சொன்னாருடி."

வள்ளி வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கச் சொல்லியிருந்தாராம். மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கேட்டுக்கு வெளியே புருஷன்மார் கூட்டமாக நிற்பது தெரிந்தது. சிரிப்பு அங்கேயே நின்றுபோனது.



பிப்ரவரி 19

ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் என் போட்டோ. 'ஆர்ச்சை எதிர்த்துப் பெண் கவுன்சிலர்களைத் திரட்டிய கன்னிகா.' நானா? திரட்டினேனா? காலையிலேயே தெருக்காரர்கள் நாலு பேர் சால்வையோடு வந்துவிட்டார்கள். "சும்மா இருங்கப்பா, அது தப்பா நடந்துபோச்சு" என்று சொல்ல வாயெடுத்தேன். சால்வை கொண்டுவந்தவர்களில் ஒரு பெண்ணின் இடுப்பில் குழந்தை. அதுவும் அங்கன்வாடிக் குழந்தைதான். வாயை மூடிக்கொண்டேன்.

இவர் உள்ளே இருந்தார். வெளியே வரவேயில்லை.

பிப்ரவரி 21

சேர்மன் இவரைக் கூப்பிட்டு அனுப்பினார். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தவிப்போடு நின்றார். பட்ஜெட் திருப்பதி கலெக்டர் ஆபீசுக்குப் போவதற்குள் அவசர மீட்டிங் ஒன்று போடுகிறார்களாம். ஆர்ச்சை மறுபடியும் கொண்டுவருவார்களாம்.

"உன் பொண்டாட்டி லீடர் ஆயிட்டாளான்னு கேட்டாரு. அத்தினி பேர் முன்னால. டீ குட்த்து அசிங்கப்படுத்துறான், கன்னிகா. இந்தவாட்டி யாரையும் பாக்க வாணாம். நீ மொதல்ல தூக்கு. உன்னப் பாத்து மத்தவங்க தூக்கட்டும்."

"தூக்கலன்னா?"

கேட்டே விட்டேன். இவர் என்னை முறைப்பார் என்று நினைத்தேன். முறைக்கவில்லை. அவர் கண்ணில் பயம்தான் இருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து இவர் பயந்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்தபிறகு என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

பிப்ரவரி 24

டேங்க்கிலிருந்து ஒரு கட்டி விழுந்தது. பெரிய தேங்காய் அளவு. அங்கன்வாடி வாசலில், பிள்ளைகள் செருப்பு விடுகிற இடத்தில். எல்லாம் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் தப்பித்தன. கிருஷ்ணம்மா போன் பண்ணினார். ஓடினேன். யஸ்வந்த் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "பெரீம்மா, டம்முனு சத்தம் வந்துச்சு" என்கிறான்.

இவருக்குச் சொன்னேன். "இன்ஜினியர் ஏ.இ. கிட்ட சொல்லிப் பூசச் சொல்றேன்" என்றார். பூசுவாராம். பவுடர் பூசுவார்போல.

தூக்கினால் டேங்க். தூக்காவிட்டால் டிராக்டர். ஐயோ, என் கையை எவனாவது வெட்டிக்கொண்டு போனால்கூடப் பரவாயில்லை.

பிப்ரவரி 27

சேர்மன் படித்தார். இந்த முறை நிறுத்தி நிதானமாகப் படித்தார், யாருக்கும் புரியாமல் போய்விடக்கூடாதென்று. கை தூக்கச் சொன்னார்.

சுலோச்சனா என்னைப் பார்க்கிறாள். வள்ளி பார்க்கிறாள். பெயர்கூடச் சரியாகத் தெரியாத பெண்களெல்லாம் பார்க்கிறார்கள். வாட்ஸ்அப்பை அவர்களும் நம்பிவிட்டார்கள். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். விட்டால் அதுவாகவே மேலே போய்விடும், அவ்வளவு பயம்.

சேர்மன் தெலுங்கில் கேட்டார், "ஏனம்மா, கைக்கு என்ன?" என்று. எழுந்தேன். தெலுங்கில் சொல்லத்தான் நினைத்தேன். தமிழ்தான் வந்தது. "டேங்க்கு உழுந்துடும் சார். கீழ புள்ளைங்க கீதுங்க." அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

பெண்கள் யாரும் தூக்கவில்லை. சுலோச்சனா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கையை அதற்குள் விட்டுவிட்டாள்.

மறுபடியும் எண்ணினார்கள். மறுபடியும் போதவில்லை.

மார்ச் 3

டிராக்டர்களை நிறுத்திவிட்டார்கள். வாயால் சொன்னார்கள், அவ்வளவுதான்.

மார்ச் 4

இவர் பேசவில்லை. சாப்பாட்டை எடுத்து வைத்தால் சாப்பிடுகிறார்.

மார்ச் 12

பேசினார். "வரதய்யபாளையத்துல செங்கல் சூளைக்கு வண்டி கேக்குறாங்க. போய்ட்டு வரேன்." இவ்வளவுதான். அவர் தெருமுனை தாண்டியதும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். தப்புப் பண்ணிட்டேனா? டேங்க் இன்னும் இருபது வருசம் நிக்குமோ என்னவோ. நிக்கும்னா நான் ஊட்டுல மண்ணள்ளிப் போட்டவதானே?

மார்ச் 22

கமிஷனர் ஆர்டர் வந்தது. இடிக்கும்வரை அங்கன்வாடியை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். வாடகைக்கு யாரும் இடம் தரவில்லை, சேர்மன்மேல் பயம். எங்கள் முன்ஹாலைத் தருவதாகச் சொல்லிவிட்டேன். இவரைக் கேட்காமல் சொன்னேன். சாயங்காலம் வந்து பார்த்தார், ஹால் முழுக்கப் பாய், சின்னச் சின்னத் தட்டுகள். சோபாவை ஒருத்தராகவே தூக்கி உள்ளறையில் போட்டார். என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 19

டேங்க்கைக் காலி பண்ணிவிட்டார்கள். லாரித் தண்ணிதான். தெருவில் எனக்கு வசவு. சால்வை போட்ட அதே ஆள், "லீடரம்மா, குளிச்சு ரெண்டு நாள் ஆச்சு" என்று குடத்தோடு வந்து நின்றார். எங்கள் வீட்டுக் குடத்திலிருந்து ஊற்றிக் கொடுத்தேன்.

மே 9

இன்றைக்கு இடித்தார்கள். ஒரு வாரம் ஆகும், மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துக்கொண்டு வருவோம் என்று ஏ.இ. சொல்லியிருந்தார். இவர் யஸ்வந்தைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனார். நான் போகவில்லை. அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை.

சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாசலுக்கு ஓடினேன். தெருமுழுக்கப் புழுதி. அதற்குள்ளிருந்து இவர் வந்தார், தலையெல்லாம் சிமெண்டு, பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டு. வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா ஆச்சு?"

"மிசினு சும்மா தொட்டான் கன்னிகா. ஒடைக்கல. தொட்டான். முழுசா வந்துடுச்சு."

"எந்தப் பக்கம்?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அங்கன்வாடியில் எதிர்ச்சுவரும் இல்லையாம். எந்தச் சுவரும் இல்லையாம். யாருக்கும் அடியில்லை. காலியாக இருந்தது.

உள்ளே போய்த் தண்ணி கொண்டுவந்தேன். சொம்பை வாங்கும்போது என் கையைப் பிடித்தவர் விடவில்லை. குடிக்கவும் இல்லை.

யஸ்வந்த் மட்டும் இன்னும் அழுதுகொண்டிருக்கிறான். அங்கன்வாடி வாசலில் விட்டுவந்த சறுக்குமரம் நசுங்கிப் போய்விட்டதாம். குணாவும் வந்து தூக்கிப் பார்த்தான், ஓயவில்லை. மிட்டாய் வாங்கித் தரட்டுமா என்று இவர் எழுந்தார். வேண்டாம் என்றேன். அழட்டும். அழறதுக்கு இருக்கான்ல.