மேலங்கி போட்ட ஐக்கியம்

எல்லிஸ் ஃபோர்க், நெப்ராஸ்கா
செப்டம்பர் 22

அன்புள்ள காரின்,

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி நடக்கிறது. அலாஸ்காவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடாமல் வெளியே போகாதே. இங்கே மக்காச்சோள அறுப்பு தொடங்கிவிட்டது, காற்றெல்லாம் தூசி, அம்மா துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறாள்.

உன் சபை ஞாயிறு பள்ளியில் சூப்பர் ஹீரோ கதைகளை வைத்துக் கிறிஸ்தவ ஐக்கியம் பற்றிப் பாடம் நடத்தப்போகிறாய் என்றும், இந்தக் கோடையில் நம் ஊரில் அதே பாடம் நடந்ததாமே, ஒரு வார்த்தை விடாமல் எழுதி அனுப்புங்கள் என்றும் கேட்டிருந்தாய். நாற்பது வருஷம் செய்தித்தாளுக்கு எழுதிய கை, விடாமல்தான் எழுதும். உனக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம்.

ஹிக்கரி தெருமுனையில் மூன்று சபைகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பது உனக்குத் தெரியும். பாப்திஸ்து சபைக்குப் புதிதாக வந்திருக்கும் போதகர் ட்ரென்ட் முப்பத்து நாலு வயதுக்காரர், நல்ல பல்வரிசை. மெதடிஸ்து போதகர் ஜானிஸையும் லுத்தரன் போதகர் ஆர்வினையும் கூட்டிவைத்து, ஜூலை மாதம் நாலு ஞாயிறும் மூன்று சபைகளிலும் ஒரே பாடம், கடைசி ஞாயிறு பள்ளிக்கூட விளையாட்டரங்கில் கூட்டு ஆராதனை என்று ஏற்பாடு செய்தார். நாலுக்கும் நான் போனேன். முதல் ஞாயிறு ட்ரென்ட் சிவப்பு மேலங்கியும் பஞ்சு வைத்துத் தைத்த மார்புமாக மேடை ஏறினார். பிரசங்கம் பாதி போவதற்குள் மார்பு சரிந்து இடுப்புக்கு வந்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தோம், ஒருவரும் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் ஐக்கியம் இருந்தது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஒருத்தர் பறப்பாரு, ஒருத்தர் மலையையே தூக்குவாரு, இன்னொருத்தர் கண்ணுக்கே தெரிய மாட்டாரு. எல்லாரும் ஒரே மாதிரி இருந்தா அது ஒரு அணியா? நீ என்னைய மாதிரி ஆனாத்தான் உன்னச் சேத்துக்குவேன்னு எந்த ஹீரோவாவது சொன்னானா?" இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்.

இரண்டாவது ஞாயிறு, ஒவ்வொரு ஹீரோவுக்கும் ஒரு பலவீனம். மூன்றாவது ஞாயிறு, பொது எதிரி வந்தால் ஒன்றுசேர வேண்டும். அந்தப் படங்களை உன் பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும் பார்த்திருக்கிறேன் காரின். பாதிப் படம் வரை அவர்கள் ஒருவரையொருவர்தான் அடித்துக்கொள்கிறார்கள், ஊர் இடிந்து விழுகிறது, பிறகு வானத்திலிருந்து ஏதோ இறங்கிய பயத்தில் சேர்கிறார்கள், அது செத்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இடிந்ததை யாரும் கூட்டிப் பெருக்குவதில்லை. நம் சபைகளுக்கு அச்சாகப் பொருந்துகிற இடம் அதுதான், அதை மட்டும் மூன்று போதகர்களும் விட்டுவிட்டார்கள்.

இனி அம்மா விஷயம், போனில் அவள் உனக்குச் சொல்லாதது. பாப்திஸ்து சபையில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கை முறிந்தபோது இரண்டு ஞாயிறு மட்டும் வந்து வாசியுங்கள் என்று அம்மாவைக் கேட்டார்கள், முப்பத்தோரு வருஷம் ஆகிவிட்டது. காலை எட்டரைக்கு மெதடிஸ்து ஆராதனையில் உட்கார்ந்துவிட்டு, தெருவைத் தாண்டி, பத்து மணிக்கு அங்கே வாசிப்பாள். அவர்கள் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து பியானோ ஊறிப்போன வருஷம் நம் வீட்டுப் பியானோவையே அனுப்பிவைத்தோம், அதுதான் இத்தனை வருஷமும் அங்கே இருந்தது. கூட்டு ஆராதனைக்கு ஐந்து நாள் முன்னால் ட்ரென்ட் நம் சமையலறைக்கு வந்தார். அம்மா அடுப்பில் சுட்டு எடுத்த ருபார்ப் பை இரண்டு துண்டு சாப்பிட்ட பிறகு வாய் திறந்தார். செப்டம்பர் முதல் மேடையில் நிற்கிறவர், பாடுகிறவர், வாசிக்கிறவர் எல்லாரும் சபை அங்கத்தினராக இருக்க வேண்டும் என்று மூப்பர்கள் தீர்மானித்துவிட்டார்களாம், அங்கத்தினராக வேண்டுமானால் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாக வேண்டுமாம், குழந்தையில் தெளித்தது கணக்கில் வராதாம். "இது உங்களப் பத்தி இல்ல ஆர்லிஸ்ம்மா, எல்லாருக்கும் ஒரே விதி. பத்து நிமிஷ வேலை. தண்ணிய வெதுவெதுன்னு வச்சுத் தர்றோம்" என்றார். அம்மா தட்டை எடுத்துக்கொண்டே, "ஆறு வாரக் குழந்தையா இருந்தப்போ எங்கப்பா பனியில குதிர வண்டி கட்டி என்னத் தூக்கிட்டுப் போயி தலையில தண்ணி தெளிக்க வச்சாரு. அது ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டு உங்க தொட்டிக்குள்ள எறங்கணுமா?" என்று கேட்டாள். அவர் மூன்றாவது துண்டைக் கேட்கவில்லை.

என்னைக் கேட்டால், அந்தக் கதைகளில் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே ஒன்றுதான். ஒருவனுக்குப் பலம் பிறவியில் வந்தது, ஒருத்திக்கு மின்னல் விழுந்து வந்தது, மூன்றாமவனுக்குச் சோதனைக்கூடத்து விபத்தில் வந்தது. போய் இன்னொரு முறை ஒழுங்காக நனைந்து வா என்று யாரையும் யாரும் திருப்பி அனுப்பவில்லை. கார்ட்டூன் வரைகிறவனுக்குத் தோன்றியது அந்தச் சபை மூப்பர்கள் ஐந்து பேருக்குத் தோன்றவில்லை.

கூட்டு ஆராதனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருவிருந்துக்குத் திராட்சை மதுவா சாறா என்று மூன்று வாரம் தகராறு செய்து, கடைசியில் பெயர் ஒன்றும் வைக்காமல் எலுமிச்சைச் சாறும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். மற்ற சபைப் போதகர்களோடு ஒரே மேடையில் ஜெபிக்க ஆர்வினுக்கு மேலிடத்து அனுமதி இல்லை, அதனால் முகமூடி மாட்டிக்கொண்டு நாலாவது வரிசையில் உட்கார்ந்தார், வந்தார் என்றும் சொல்லலாம் வரவில்லை என்றும் சொல்லலாம். சாப்பாட்டுக்கு மூன்று மேசை, மூன்று உருளைக்கிழங்கு சாலட், எவரும் தங்கள் மேசையைத் தாண்டவில்லை, நான் தாண்டி எடுத்தபோது ஒரு அம்மாள் என் தட்டையே பார்த்தாள். உன் அம்மாவுக்குப் பியானோக் கட்டை வரைந்த ஒரு கறுப்பு மேலங்கி தைத்து வைத்திருந்தார்கள். அதை மடித்துப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு வாசித்தாள். "நாம் வேறு வேறு, ஆனால் ஒன்று" என்று ட்ரென்ட் கை தூக்கியபோது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் உட்கார்ந்திருந்தேன், முழங்கால் ஒரு காரணம்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு அங்கே வாசித்து முடித்து, தான் தைத்த மெத்தையைப் பெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். செப்டம்பரில் பதிவு செய்த இசையை ஒலிப்பெட்டியில் வைத்துப் பாடிப் பார்த்தார்கள், சபை மூன்றாம் சரணம் பாட, பெட்டி ஐந்தாம் சரணத்தில் நின்றதாம். போன வாரம் ட்ரென்ட் போன் செய்தார். அவர் நல்லவர்தான், அதுதான் சங்கடம். "நீங்க மேடைக்கு வர வேணாம்மா. வீட்டுலயே பாட்டெல்லாம் வாசிச்சுப் பதிவு பண்ணிக் குடுத்துருங்க. பதிவுக்கு விதி கிடையாது, மூப்பர்கிட்ட கேட்டுட்டேன்" என்றார். இதைக் கேட்பதற்கு மூப்பர்கள் தனியாகக் கூட்டம் போட்டிருக்கிறார்கள் காரின். அம்மா குரலை உயர்த்தவில்லை. "போதகரே, வீட்டுல வாசிக்கப் பியானோ இல்ல, அது உங்க சபையில இருக்கு. இருந்தாலும் அந்தப் பதிவும் தண்ணி தெளிச்சுக்கிட்டவ கைதானே வாசிக்கும்? எதுக்கு வம்பு. பியானோவ அனுப்பிருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அது யாருடையது என்றே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை பியானோ வந்தது. மெதடிஸ்து சபை கிளென் வண்டி கொண்டுவந்தான், லுத்தரன் சபை ஹாஃப்மன் சகோதரர்கள் இருவரும் வார் கட்டினார்கள், பின்பக்கம் பிடித்தது பாப்திஸ்து மூப்பர் ராய்ஸ், அந்த விதிக்குக் கை தூக்கியவர்களில் ஒருவர். வாசற்படியில் திருப்பும்போது பலகையின் அடியில் நீ ஆணியால் கீறிய உன் பெயரைப் பார்த்துவிட்டு, "இது காரின் பாப்பா பியானோவா? யாரும் சொல்லலையே டுவெயின்" என்று என்னிடம் கேட்டார். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்போம் என்றேன். நாலு பேரும் மூச்சு ஒன்றாக விட்டு, கால் ஒன்றாக எடுத்து வைத்து, ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து இறக்கினார்கள். இந்தக் கோடை முழுவதும் மூன்று சபையும் ஒரு மனதாகச் செய்த காரியம் நான் பார்த்தவரை அது ஒன்றுதான், அதுவும் ஒரு சபையிலிருந்து பியானோவை வெளியே எடுத்தது. மேலங்கி எவரும் போட்டிருக்கவில்லை.

ஆகவே உன் பாடத்துக்கு என் குறிப்பு இவ்வளவுதான். சூப்பர் ஹீரோவை வை, பிள்ளைகள் சிரிக்கட்டும். அதற்கு முன்னால் உங்கள் சபையில் பியானோ வாசிப்பவர் யார், அவரை எதுவரை உள்ளே விட்டிருக்கிறீர்கள் என்று உங்கள் மூப்பர்களைக் கேள். பதில் சொல்லத் தயங்கினால் பாடத்தைத் தள்ளிவை.

தக்காளிச் செடிகளைப் பனிக்கு மூட அந்தக் கறுப்பு மேலங்கியை எடுத்து வைத்திருக்கிறேன். பியானோ முன்னறையில் உன் பழைய படத்துக்குக் கீழே இருக்கிறது. அம்மா தினம் துடைக்கிறாள், மூடியை இன்னும் திறக்கவில்லை. நேற்று ஞாயிறு, பத்து மணிக்கு அதன் எதிரே நாற்காலியைப் போட்டுக் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள், பதினொன்றுக்கு எழுந்து உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் காப்பாராக, உன் கை செய்யும் வேலையை வாய்க்கப் பண்ணுவாராக. பிள்ளைகளுக்கு என் முத்தம். மறக்காமல் ஒன்று செய். வரும் ஞாயிறு இங்கே பத்து மணிக்கு வீட்டுக்குப் போன் செய். அங்கே உனக்கு ஏழு மணி, தூக்கம் கெடும், கெடட்டும். பிள்ளைகள் பாட வேண்டும், வாசிக்க ஆள் இல்லை என்று அம்மாவிடம் சொல். நான் சொல்லிக்கொடுத்ததாகச் சொல்லாதே.

உன் அன்பு அப்பா,
டுவெயின்