‘இன்னா’வைத் திருத்திவிட்டார்கள், அக்கா

அக்கா,

உங்கள் புத்தகத்தில் இன்னும் பசை வாசனை போகவில்லை. இன்று காலை டீ போட்டு, டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தேன். இரண்டு பக்கம்கூடத் தாண்ட முடியவில்லை. டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

நாம் பழகியதெல்லாம் காலை ரயிலில்தான். பெங்களூரில் உங்களுக்கு கார்மென்ட்ஸ் வேலை, எனக்கு ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை. நீங்கள் மாரிக்குப்பத்திலேயே ஏறி, சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பீர்கள். லைப்ரரியில் எடுத்த புத்தகத்தை மடியில் வைத்து ஆளுக்கு ஒரு பக்கம் வாய்விட்டுப் படிப்போம். பங்காரப்பேட்டையில் டீ வரும்வரை படிப்பு. டீ வந்ததும் சண்டை. அப்படி ஒருநாள்தான் புத்தகத்தைப் பட்டென்று மூடினீர்கள். “எல்லாம் நல்லாத்தான் கீது. ஆனா இதுல ஒருத்தர்கூட நம்மள மாதிரி பேசலியே. நம்மள்லாம் ஊமையா?”

அடுத்த வாரம் நீங்களே எழுத ஆரம்பித்தீர்கள், கம்பெனியில் வீசிய தாள்களின் பின்பக்கத்தில்.

உங்கள் அம்மாவின் கதையைப் படித்த காலை எனக்கு மறக்காது. நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் பாறை சரிந்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்தும் உங்கள் அப்பா மேலே வரவில்லை. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் உங்கள் அம்மா அழாமல் நிற்கிறார். கடைசியில் ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வருகிறது. உடம்பெல்லாம் சேறாக அப்பா இறங்குகிறார். அம்மா கிட்டே போய் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: “இன்னா, டீ குடிக்கிறியா?”

எதிர் பெஞ்சில் இருந்த பூக்காரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

அந்தக் கதையைத்தான் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினீர்கள். ரயிலில் இருக்கும்போதே போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டீர்கள். கதை நன்றாக இருக்கிறது, பேச்சை மட்டும் கொஞ்சம் திருத்தினால் போட்டுவிடலாம் என்றார் அந்த ஆள்.

“எங்கம்மா பேசுனத நான் எப்படி சார் திருத்துறது? அவங்க செத்துட்டாங்க” என்று சொல்லி போனை வைத்துவிட்டீர்கள். அதற்குப்பின் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை. எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை, நோயில் படுத்த பிறகும்.

போன ஞாயிறு உங்கள் மகன் ராபர்ட்சன்பேட்டையில் ஹால் பிடித்துப் புத்தகத்தை வெளியிட்டான். மேடையில் ஒருவர் ‘எளிய மக்களின் உயிருள்ள மொழி’ என்று அரைமணி நேரம் பேசினார். கைதட்டல் ஓய்வதற்குள் நான் அந்தக் கதையைத் தேடி எடுத்தேன். உங்கள் அப்பா கேஜிலிருந்து இறங்குகிறார். அம்மா கேட்கிறார்: “என்ன, தேநீர் அருந்துகிறீர்களா?”

புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் அப்படியே. ஒரு ‘இன்னா’ இல்லை, ஒரு ‘கீது’ இல்லை. உங்கள் ஆட்கள் எல்லாரும் ரேடியோவில் செய்தி வாசிக்கிறார்கள்.

விழா முடிந்து எல்லோரும் டீயும் வடையுமாக நின்றபோது உங்கள் மகனைத் தனியே கூப்பிட்டேன். “இன்னாப்பா இது, உங்கம்மா எழுதனதே இல்லியே?”

“ப்ரூஃப் பாத்த சார் கரெக்ட் பண்ணார் ஆண்ட்டி. மிஸ்டேக்ஸ் ஜாஸ்தி இருந்துச்சாம்.”

“நீ படிச்சிப் பாக்கலியா?”

“எனக்குத் தமிழ் படிக்க வராதே ஆண்ட்டி. பேசறது மட்டும்தான்.”

“அம்மா எழுதன பேப்பர்லாம்?”

“டைப் ஆயிடுச்சில்ல, அவர் தூக்கிப் போட்டுட்டார்.” பிறகு முகமெல்லாம் பூரிப்பாக, “புக் நல்லா வந்திருக்குல்ல?” என்றான்.

அட்டை நன்றாக இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்ல? அவனைத் திட்ட வாய் வரவில்லை.

எனக்குக் கோபம் உங்கள்மேல். “தமிழ் படிச்சி நாம இன்னா கிழிச்சோம்?” என்று அவனை இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்த்தது நீங்கள். சரி, அதை விடுங்கள். பெயர் தெரியாத பூக்காரம்மாவுக்குப் படித்துக் காட்டினீர்களே, பெற்ற பிள்ளையை ஒருநாள் உட்காரவைத்துப் படித்துக் காட்டினீர்களா? அந்தக் குரல் அவன் காதில் விழுந்திருந்தால் யாரோ ஒருவரிடம் தாள்களைத் தூக்கிக் கொடுத்திருப்பானா? எனக்காவது ஒரு நகல் தந்தீர்களா? உங்கள் அம்மாவைத் திருத்தக்கூடாது என்றீர்கள். நீங்கள் போனதும் உங்களையும் சேர்த்துத் திருத்திவிட்டார்கள்.

பென்சில் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். ரயிலில் கேட்ட கதைகளில் நினைவில் இருப்பதைப் புத்தகத்தில் அச்சடித்த வரிக்குமேல் எழுதிவருகிறேன். படுக்கையில் எழுதியவை என் காதுக்கு வந்ததே இல்லை. அவற்றில் உங்கள் ஆட்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது.

இப்போதுதான் கவனிக்கிறேன். இந்த மடலில் நானும் ‘என்ன’ என்றுதான் எழுதியிருக்கிறேன். இத்தனை வருடம் உங்களோடு வாயால் பேசியது ஒன்று. பேனா எடுத்ததும் கை தானாகப் பள்ளிக்கூடத் தமிழுக்குப் போய்விடுகிறது. நம் பேச்சில் மாற்றி எழுதிப் பார்த்துத் தாளைக் கிழித்துப் போட்டேன். நீங்கள் செய்தது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லவேயில்லையே. எனக்கு ஒரு வரிதான் வந்தது. அதையாவது யாரும் திருத்தாமல் இருக்கட்டும்.

இன்னாக்கா, இப்பிடி வுட்டுட்டுப் பூட்டியே.