பூஸ்ட் போர்டை யாரைக் கேட்டுக் கழட்டினீங்க?

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், தன் எலக்ட்ரிக் கிட்டாரின் மேல் கணவனுக்கு ஒரு சீட்டு எழுதி வைத்தாள். பேனா அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்தது.

"கம்பி ஒலியைப் பிடிக்கிற புது பிக்கப் மாட்டச் சொன்னேன், மாட்டிட்டீங்க. உள்ளே இருந்த, சத்தத்தைத் தூக்கிக் குடுக்கிற பூஸ்ட் போர்டை யாரைக் கேட்டுக் கழட்டினீங்க? அது இல்லாம, பாட்டு நடுவுல நான் தனியா வாசிக்கிற இடம் டிரம்ஸ் சத்தத்துல அமுங்கிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேடை. அதுக்குள்ள திரும்பச் சால்டர் பண்ணி வைங்க. வால்யூம் வயர் முதல்ல போர்டுக்கு, அப்புறம்தான் ஜாக்குக்கு. பேட்டரி டிராயர்ல இருக்கு. சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கோங்க."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"புது பிக்கப் நல்லாத்தான் கேக்குது. ஆனா 'இவ்வளவு சத்தம் எதுக்கு'ன்னு சொன்னீங்க பாருங்க! என்னை அடக்கி வாசிக்கச் சொல்ல வெளியில நிறைய பேர் இருக்காங்க. வீட்டுலயும் ஒருத்தர் வேண்டாம்."