சுவரேறி வந்த பச்சை ஹோஸ்

சதுரங்கப்பட்டினம்
ஜூன் 3

மஸ்கட் மாநகரத்து மருத்துவமனையைத் தனியாளாய்த் தாங்கி நிற்கும் அன்பு மருமகள் ஜெனிட்டாவுக்கு, உன் தாய்மாமன் தாவீது எழுதிக்கொள்வது.

கர்த்தர் கிருபையில் இங்கே எல்லோரும் நலம், குழாய் ஒன்றைத் தவிர. போனில் பேசினால் உன் அம்மா காதில் விழும். அவள் காதில் விழுந்தால் பக்கத்து வீட்டு எல்லப்பன் காதில் விழும். அதனால்தான் கடிதமாக எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு.

நம் வாசல் குழாய் உனக்கு நினைவிருக்கும். திறந்தால் டச்சுக்காரன் கோட்டையில் மிச்சமிருக்கிற மதிலும் சாய்ந்துவிடுமோ என்று ஊரே நடுங்கும் வேகம். இரண்டு வாரமாக நூல் மாதிரி வடிகிறது. ஒரு குடம் நிறைவதற்குள் திருக்கழுக்குன்றம் மலையேறி இறங்கி, நாஸ்தாவும் முடித்துக்கொண்டு வந்துவிடலாம். கிணற்று நீரோ கடலுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி. வாயில் வைக்க முடியாது.

குழாயில் கோளாறு இருக்க வழியே இல்லை. போன மாதம் அது சொட்டியபோது பழுது பார்த்தவன் நானே. பிடியைத் திருகினால் உள்ளே ஒரு தண்டு ஏறும், அதன் அடியிலுள்ள வாஷர் ஓட்டையை விட்டு எழும்பும், தண்ணீர் வரும். அந்த வாஷர் தேய்ந்திருந்தது. கடை வாஷரை நம்பாமல், என் பழைய ஹவாய் செருப்பின் குதிகாலை வட்டமாக நறுக்கிப் பொருத்தினேன். அன்றோடு சொட்டு நின்றது. உலகத்தரம்.

ஆகவே விசாரணையை மூலத்திலிருந்து தொடங்கினேன். சைக்கிளில் பாலாறு வரை போனேன். மணலில் கிணறு இறக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து மோட்டார் நம் தெருமுனைத் தொட்டிக்கு ஏற்றுகிறது. தொட்டியைத் திறந்து மூடும் முத்துசாமியிடம், எங்கள் தெருவுக்கு மட்டும் வால்வை அரைகுறையாகத் திறக்கிறாயா என்று மடக்கினேன். "இன்னா அண்ணாத்த, தண்ணி ஆளு பாத்தா வருது? தொட்டி ஒசரத்துல கீது, வூடு பள்ளத்துல கீது. அதுபாட்டுக்கு எறங்கி வந்துகினு கீது" என்றான். என் கண்ணைப் பார்த்தே பேசினான். அதுவே சந்தேகத்துக்குரியது.

அப்புறம்தான் பிடிபட்டது. காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விட்டதும் எல்லப்பன் வீட்டுக்குள் 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம். தெருக்குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறான்! போதாததற்கு, அவன் பக்கமிருந்து ஒரு பச்சை ஹோஸ் சுவரேறி நம் டிரம்முக்குள் இறங்கியிருக்கிறது. அதிலும் உறிஞ்சுகிறான். உன் அம்மாவைக் கேட்டால், "கம்முனு கெட, கண்டுக்காத" என்கிறாள். மிரட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் டிரம் எப்போதும் நிறைந்தே இருக்கிறது. அது தனி மர்மம், பிறகு கவனிக்கிறேன்.

நாளை ஹோஸை வெட்டுகிறேன். பஞ்சாயத்து ஆபீசுக்கு நாலு பக்க மனுவும் தயார்.

இப்படிக்கு,
கீழ்க்கடற்கரைக் குடிநீர்த் துப்பறியும் துறையின் தலைவரும் ஒரே ஊழியருமான
தாவீது மாமா


சதுரங்கப்பட்டினம்
ஜூன் 9

அன்புள்ள ஜெனிட்டாவுக்கு,

முந்தைய கடிதத்தை அழித்துவிட்டாயா? இல்லையென்றால் இப்போதாவது அழித்துவிடு.

ஹோஸை எல்லப்பன் கண்ணெதிரிலேயே வெட்டினேன். அவன் தன் பக்கத்துத் துண்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன். மனுவைப் பார்த்து, பஞ்சாயத்து ஆபீசில் விசாரணை முடியும்வரை அவன் வீட்டு இணைப்பை அடைத்துவிட்டார்கள். ராஜேந்திர சோழன் கங்கையிலிருந்து திரும்பியது போலத் தெருவில் நடந்தேன்.

மூன்றாம் நாள் முத்துசாமி ஸ்பேனரோடு சோதனைக்கு வந்தான். பின்னால் தெருவே வந்தது. எல்லப்பன் வீட்டில் மோட்டார் இல்லை. உறுமியது கிரைண்டர். அவன் மனைவி சியாமளா புதுப்பட்டினத்தில் இட்லிக் கடை போடுகிறாள் அல்லவா, தண்ணீர் வந்த கையோடு மாவு அரைக்கிறாள். பிறகு முத்துசாமி நம் குழாயின் தலையைக் கழற்றினான். நசுங்கிப் பிதுங்கி ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது நீல ரப்பர். அதைத் தூக்கிப் பிடித்து, "இன்னா அண்ணாத்த, குழாய்க்குச் செருப்பு மாட்டி வுட்டுகீற, எங்கனா நடந்து போவப்போவுதா?" என்றான். தெரு சிரித்தது. எல்லப்பன் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

அந்த ஹோஸ் உறிஞ்ச வரவில்லை, ஊற்ற வந்தது. உன் அம்மா சொன்னாள்: "கொயாயக் கெடுத்தது நீதான்னு மொத நாளே தெரியும். சொன்னா ரெண்டு நாளு சோறு துன்னமாட்ட. எல்லப்பன்தான், 'அண்ணாத்த கைல சொல்லாதக்கா, முட்டி ஆப்பரேசன் பண்ணவ நீ எங்க கொடம் தூக்குவ, நான் வுடறேன்'னு ஹோஸப் போட்டான்."

மனுவை வாபஸ் வாங்க ஒரே வரிதான் எழுதினேன். ஆனால் திறக்கச் சொல்லிக் கையெழுத்திட வேண்டியவர் லீவாம். என்னைக் கண்டுதான் ஒளிகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். அதுவரை எல்லப்பன் தெருமுனையிலிருந்து குடம் சுமக்கிறான். கடைக்கு அது காணாது. ஐந்து நாளாக இட்லிக் கடை மூடிக் கிடக்கிறது.

நேற்று நம் குழாய்க்குக் கடை வாஷர் போட்டு, புது ஹோஸ் மாட்டி, சுவரேற்றி அவர்கள் பக்கம் இறக்கினேன். காலையில் தண்ணீரும் திறந்தேன். யாரும் முனையை எடுக்கவில்லை. அரை மணி நேரம் வெறும் மண்ணில் ஓடியது. எட்டிப் பார்த்தேன்; அண்டா கவிழ்ந்தே கிடந்தது.

ஏழு ஊருக்குக் கேட்கும் இந்த வாய், அவனைக் கண்டால் திறக்கமாட்டேன் என்கிறது. உன்னைச் சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவன் அவன். நீ போன் செய்தால் எடுப்பான். மாமா வருத்தப்படுகிறார், அது இது என்றெல்லாம் வேண்டாம். ஹோஸ் முனையை எடுத்து அண்டாவில் போடச் சொல். அது போதும்.

கர்த்தர் உன் கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. நாளை ஆறு மணிக்குத் தண்ணீர் திறந்துவிட்டு, அந்த 'உர்ர்ர்' சத்தம் கேட்கிறதா என்று சுவரோரம் நின்றுகொண்டிருப்பேன்.

உன் மாமன்,
தாவீது