மீதி மாத்திரையை அனுப்பவில்லை

நாசியேகுவுக்கு, உன் வீட்டுக்காரன் லெமர்கட் எழுதுவது. மலை மேய்ச்சலில் நீயும் பேத்தி நைசூலாவும் ஆடுகளும் தண்ணீருக்குக் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

முதலில் இதைக் கேள். இது என் கையாலேயே எழுதிய கடிதம். நான் படுத்திருக்கும் ஆஸ்பத்திரியின் மரத்தடியில் கிழவர்களுக்குப் பாடம் சொல்லும் டீச்சர் இதில் ஓர் எழுத்துகூடப் போடவில்லை. காலையில் ஆரம்பித்தேன், அதற்குள் பால் டீ இரண்டு முறை ஆறிப்போனது. உன் பெயரை எழுதி முடித்ததும் எழுந்து நின்று பார்த்தேன். அக்கம்பக்கம் எல்லோருக்கும் காட்டினேன். சின்டியான், இதை அவளுக்கு வாசிக்கப் போகிறவள் நீதான். நாலாம் வகுப்புப் படித்தவள் என்று அவசரப்படாதே. எதையும் விழுங்காமல் வாசி.

என் காலில் முள் குத்திய புண் வற்றிவிட்டது. நீ சொல்லியனுப்பியதை லாரிக்கார லெபாசோ அப்படியே சொன்னான்: "பெருசுக்குக் கால் ஆறிடுச்சுல்ல, மிச்ச மாத்திரையக் கொடுத்துவிடச் சொல்லு. புள்ளைக்குக் காய்ச்சல், இருமல், மூச்சு வாங்குது." நான் உடனே மாத்திரைகளை மூக்குப்பொடி டப்பாவில் போட்டு அவனிடம் நீட்டினேன். நர்ஸ் கனானா பார்த்துவிட்டாள்.

"தாத்தா, இது உங்க புண்ணுக்குப் பாத்துக் கொடுத்தது. மூணு வயசுப் புள்ளைக்கு மருந்தும் வேற, அளவும் வேற. பாதிப் பேரோட இருமலுக்கு இந்த மாதிரி மருந்தே வேண்டாம். வேணுமா வேண்டாமான்னு நெஞ்சப் பாத்துத்தான் சொல்லணும்" என்றாள். புண்தான் ஆறிவிட்டதே, எனக்கு எதற்கு என்று கேட்டேன். "வெளிய ஆறியிருக்கு. சொன்ன நாள் வரைக்கும் முழுங்குங்க" என்று டப்பாவைத் திறந்து என் கையிலேயே கொடுத்தாள்.

ஆகவே மாத்திரை வரவில்லை. எல்லாவற்றையும் நானே முழுங்குகிறேன். பிள்ளை அங்கே இருமிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தால் தொண்டையில் நின்று நின்றுதான் இறங்குகிறது. கஞ்சக் கிழவன் என்று நீ சொல்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. சொல்லிக்கொள்.

ஆனால் அடுத்ததைக் கேள். மாட்டு ஊசி மருந்து பாட்டில் உன் குடிசையில் தொங்குகிறது. கன்றுக்கு ஊசி போடுவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. அதனால்தான் எனக்குப் பயம். பக்கத்துக் கட்டிலில் லெருக்கும் என்று ஒருவன், அந்த மருந்தைத் தனக்குத் தானே போட்டுக்கொண்டவன். வருடக்கணக்காக, காய்ச்சல் வந்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம். "மாட்டையே எழுப்பி நிறுத்துற மருந்து, நீ என்ன மாட்ட விடப் பெரிய ஆளா?" என்று என்னைக் கேலி செய்வான். தொடையெல்லாம் சீழ் பிடித்து வந்திருந்தான். இங்கே கொடுத்த எந்த மருந்தும் அவனுக்குப் பலிக்கவில்லை. கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டன என்றாள் கனானா. நேற்று அவன் கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டார்கள். அவனுடைய டயர் செருப்பை நான் எடுத்து வைத்திருக்கிறேன், அவன் தம்பி வந்தால் கொடுக்க.

பிள்ளைமேல் அந்த ஊசி படக் கூடாது. கடையில் விற்கும் கலர் மாத்திரையும் வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லெபாசோ உப்பு மூட்டையை இறக்கிவிட்டு அன்றைக்கே திரும்புகிறான். அதே லாரியில் பிள்ளையோடு ஏறு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மாட்டேன் என்றாலோ, மூட்டை இறக்குவதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். ஆடுகளை உன் தம்பியிடம் விடு. அவன் சரியாக மேய்க்க மாட்டான், தெரியும். ஆடு போனால் போகட்டும். சின்டியான், இந்த வரியை இரண்டு முறை வாசி.

நைசூலாவின் அம்மா போய்ச் சேர்ந்ததைப் பற்றி எழுத நினைத்தேன். அதற்கு நான் படித்த எழுத்து இன்னும் போதவில்லை.

என்காய் கடவுள் மலைப்பாதையில் உங்கள் இருவருக்கும் முன்னால் நடக்கட்டும். பிள்ளையின் நெஞ்சில் கை வைத்துக் காக்கட்டும். லாரி வந்து நிற்கும் இடத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நாசியேகு, இறங்கும்போது அவளை முதலில் என் கையில் கொடு.

லெமர்கட்