மருந்து அறையில் சூடம்

25-10-79, வியாழன்
விடியலிலிருந்து மழை. தெருவெல்லாம் கரிசல் சகதி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். தீப்பெட்டி ஆபீசில் வெளிக்கொட்டகை ஒழுகுகிறதாம். குளோரேட் மூட்டை, கந்தகம், பாஸ்பரஸ் டப்பா எல்லாம் தீக்குச்சி மருந்து கலக்கும் அறைக்குள். முதலாளி உத்தரவு. நானும் கூட வேலை பார்க்கும் முத்தையாவும் அடுக்கினோம். ஒன்றோடொன்று உரசினாலே தீப்பிடிக்கிற சாமான்கள். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் உள்ளே வைப்போம், கொட்டகைக்கு ஓடு மாற்றுங்கள் என்றேன். தீபாவளிச் செலவே தலைக்கு மேல் என்றார்.

இன்னொன்றும் கேட்டேன். வெள்ளிதோறும் அதே அறைக்குள் சாமி படத்துக்குக் காட்டும் சூடத்தை முற்றத்தில் காட்டலாமே என்று.

"வேதக்காரனுக்குச் சூடம்னா கசக்கத்தான் செய்யும்வே."

முதலாளி இப்படிச் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். முத்தையாவும். மாதா கோயிலுக்குப் போகிறவனை மட்டும்தான் தீ சுடுமா?

மண்ணெண்ணெய், சோப்பு. வாங்க மறந்தாயிற்று.

26, வெள்ளி
தீப்பிடித்துவிட்டது. முத்தையாதான் சூடம் காட்டினான். ஒரு துண்டு தட்டிலிருந்து சரிந்து, தரையில் சிந்திக்கிடந்த மருந்துத்தூளில். குப்பென்று. ஈரச்சாக்கைப் போட்டு அமுக்கினேன். மூட்டைகளுக்கு ஒரு முழம் தள்ளி. அவனுக்கு வலது கை முழங்கைவரை, ஒரு பக்கக் கன்னம் வெந்துவிட்டது.

27, சனி
ஆஸ்பத்திரி. முதலாளி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். மூட்டையில் தீப்பிடிக்காதது சாமி புண்ணியம் என்றார். முத்தையா தலையாட்டுகிறான்.

"சாமிதான் காப்பாத்துச்சு அண்ணாச்சி. கண்ணு தப்பிச்சிருக்கே."

ஓங்கி அறையலாம் போலிருந்தது. கட்டுப் போட்டுக் கிடப்பவனை எங்கே அறைய?

28, ஞாயிறு
பூசைக்குப் போனேன். ஒரு செபமும் ஓடவில்லை.

29, திங்கள்
நல்ல வெயில். மூட்டைகள் இன்னும் உள்ளேதான். புது உத்தரவு: இனி தினமும் சூடம். வெள்ளி மட்டும் காட்டியதற்கே இவ்வளவு காப்பாற்றியதாம். தட்டை என் கையில் கொடுத்தார் முதலாளி. வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்து, மருந்து அறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் கொளுத்தினேன். கும்பிடவும் செய்தேன்.

நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார்.

30, செவ்வாய்
வீட்டில். மனைவி பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைத்தாள். சாயங்காலம், ஆபீசில் பெட்டி ஒட்டுகிற பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னாள். என் இடத்துக்கு முத்தையாவின் தம்பியை எடுத்துவிட்டாராம். காலையில் சூடம் அவன்தான் காட்டினானாம். உள்ளே.